ஒன்பது செக்ரோல் புத்தகங்கள்

8 ஜூன் 2024, சனி

ஐந்தரை மணி ஜீப்பில் பதினாறு பெண்களோடு பதினேழாவதாக மலையேறினேன். எஸ்டேட் ஸ்டோரில், ஏலக்காய் உலர்த்தும் அடுப்புக்கு மேலே பரணில் ஒன்பது செக்ரோல் புத்தகங்கள். 1964 முதல் 72 வரை யார், எந்தக் காட்டில், எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று எல்லாம் இருக்கிறது. ஒரு நாளில் ஒன்றைத்தான் பார்க்க முடிந்தது.

திரும்பும்போது பக்கத்தில் மகாராணி. அடுத்த எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவள்.

"எங்கம்மா அங்கதேன் காயெடுத்துச்சு, டீச்சர். மொக்கம்மா. ஒரு போட்டோகூட இல்ல. பேரு இருந்தாச் சொல்லுவீகளா?"

இன்று பார்த்த புத்தகத்தில் அந்தப் பேர் இல்லை. மற்ற எட்டிலும் பார்த்துச் சொல்வேன் என்றேன்.

2 ஜூலை

சென்னை அறக்கட்டளையின் நேர்காணல், கைப்பேசியில் வீடியோவில். ஆவண ஆய்வுக்கு நிதி கொடுக்கிறவர்கள். ஒருவரும் கரையானைக் கண்டிருக்க மாட்டார்கள். "உங்க ஆவணக் காப்பகத்துக்கு வெப்சைட் இருக்கா?" என்றார் ஒரு கண்ணாடிக்காரர். வாசலில் ஆடு கட்டியிருக்கும், அதுதான் அடையாளம் என்றேன். சிரிக்கவில்லை. உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். அது இல்லாவிட்டால் வெறும் குப்பை. வாயால் சொல்லவில்லை, முகம் சொன்னது.

3 ஜூலை

போன வருடம் இதே ஆட்கள்தான் ராம்பிரசாத்தை லண்டனுக்கு அனுப்பினார்கள். என் கல்லூரியில் வேலை பார்க்கிறவன். பாலத்தின் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். அவன் புத்தகத்தில் வரும் பதிவேடுகளில் பாதியை அவன் கண்ணால் கண்டதில்லை. பார்க்காத ஏட்டுக்குப் பக்க எண் போடுகிறவனும் வரலாற்றாசிரியன். தூ.

13 ஜூலை, சனி

கடிதத்தை நானே அடித்து, கல்லூரி முத்திரை குத்தி, எஸ்டேட் முதலாளியிடம் நீட்டினேன். 'மேற்படி பதிவேடுகள் என் வசம் உள்ளன, ஆய்வாளர்கள் பார்வையிடலாம்.' இரண்டு முறை படித்தார். அடுத்த வாரம் வாருங்கள் என்றார். காப்பி கொடுத்தார். கையெழுத்து வரட்டும் என்று நானும் பரணில் ஏறவில்லை. முறைப்படி நடக்கிறேனாம்.

20 ஜூலை, சனி

பரண் காலி.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கன்னையன் தலையைச் சொறிந்தார். "காயிதத்தப் பாத்ததும் மொதலாளி மெரண்டுட்டாரு, டீச்சர். கூடுதலா வளைச்ச காட்ட அளக்க வர்றாகன்னு நெனச்சுட்டாரு. வெரசா அடுப்புல போடுன்னாரு. நாந்தேன் போட்டேன்."

இந்த மலையில் முத்திரை வைத்த தாள் என்றாலே நிலத்துக்கு வந்த வினைதான். கண்ணாடிக்காரனுக்கு அது தெரியாது, சரி. எனக்கு? போடியிலேயே பொறந்து வளந்தவதானே நான்? திறந்துகூடப் பாக்காத எட்டுப் புத்தகம் – கூறுகெட்டவளே, எட்டு!

21 ஜூலை

எழுத ஒன்றுமில்லை.

9 ஆகஸ்ட்

நிதி ஒதுக்கிவிட்டார்களாம். வாழ்த்துகள். அனுமதிக் கடிதத்தை வசதிப்படும்போது அனுப்பினால் போதுமாம்.

10 ஆகஸ்ட், சனி

ஸ்டோரில் விட்டு வந்த குடையை எடுக்க மலையேறினேன். ஜீப்பில் மகாராணி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"அம்மா பேரு இருந்துச்சா, டீச்சர்?"

இருந்தது என்றேன்.

"எத்தனாவது பக்கம்?"

"பன்னெண்டு."

முந்தல் செக்போஸ்ட் வருவதற்குள் ஜீப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.