பென்சில் மச்சம்

அன்புள்ள அக்கா,

ஏழு நிமிஷம் மூத்தவளை அக்கா என்று கூப்பிட மாட்டேன் என்று மல்லுக்கு நின்றவள்தான் எழுதுகிறேன்.

பல் ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னும் அதே வரவேற்பு மேஜை வேலைதான். நேற்று ஓர் அம்மாள், வீங்கிய கன்னத்தோடு என்னையே பார்த்தார்.

“நீ அந்த சீரியல் பாப்பாதானே? மச்சத்தை மறக்க முடியுமா! அப்பா வீட்டை விட்டுப் போறப்போ கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுவியே, அன்னிக்கு எங்க வீட்ல யாருமே சாப்பிடலை.”

வழக்கமாகச் சிரித்துத் தலையாட்டிவிடுவேன்.

எனக்கு அழ வராது என்பது உனக்குத் தெரியும். ஓடுவதும் சிரிப்பதும் நான். அழுகை என்றால் உன்னைத்தான் நிறுத்துவார்கள். உன் கன்னத்து மச்சத்தைப் பார்த்து மேக்கப்காரர் எனக்கும் பென்சிலால் வைப்பார். டைட்டிலில் மட்டும் என் பெயர் ஒன்றுதான். “ரெண்டு பேருன்னு தெரிஞ்சா ஜனங்க ரசிக்க மாட்டாங்க” என்றார் அம்மா. அந்த அழுகைக்குக் கிடைத்த விருதையும் நான்தான் மேடையேறி வாங்கினேன்.

இருபத்தாறு வருஷமாகக் காலையில் அந்த மச்சத்தை வரைந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று, “அழுதது நான் இல்லீங்க, எங்க அக்கா” என்றேன். கைக்குட்டையை நனைத்துக் கன்னத்தைத் துடைத்தும் காட்டினேன். அந்த அம்மாள் பல்வலியை மறந்து கேட்டார்:

“அய்யோ, அப்போ அந்தப் பொண்ணு இப்போ எப்படி இருக்கா?”

எனக்குத் தெரியவில்லை, அக்கா.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவைத் திற. மச்சமில்லாத என் முகத்தை அடையாளம் காணக்கூடியவள் நீ ஒருத்திதான்.

உன் பின்னாலேயே பிறந்தவள்