பொம்மை இல்லை, அந்தக் கிட்டார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் நலமாய் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், வேளாவேளைக்குச் சாப்பிட்டால் அந்த நம்பிக்கை வீண்போகாது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், இதை நான் முழுசாகச் சொல்லித் தீர்க்க வேண்டும்.

உன் கிட்டாரை நான் கொடுக்கவில்லை. "அது பொம்மைதானே, சித்தப்பா வந்தா அவர் பேத்திக்குக் கொடுத்துடுங்க, எனக்கு மரமும் தெரியலை, காதும் இல்லை" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. முதல் சம்பளத்தில் பழைய சாமான் கடையிலிருந்து அதைத் தூக்கி வந்தாய், வீடே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். பழுது பார்க்கும் கடைக்காரர் உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, முப்பது வருஷப் பழசு, குழந்தைகள் கற்றுக்கொள்ளும் அளவு, ஒட்டுப்பலகை, சத்தம் வேண்டுமானால் கனமான கம்பி மாட்டலாம் என்று இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். கனமான கம்பி கூடாது, முகப்பலகை தாங்காது, இது பழைய கை வேலை என்று நீ ஒற்றை ஆளாய் மல்லுக்கட்டினாய். யாரும் உன் பக்கம் நிற்கவில்லை. அன்றைக்கு உன் காதை நம்புவதை நீ விட்டதுதான், இப்போது வாத்தியங்கள் செய்யும் பட்டறையில் உன்னைக் கூப்பிட்டும், சேரட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறாய், மாசக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குக் கொடுக்கத் தூசி தட்டினேன். குழந்தைக்கு எட்டுமா என்று தையல் டேப்பை வைத்துக் கம்பி நீளத்தை அளந்தால், அறுபத்திரண்டு சென்டிமீட்டர்! அப்பாவின் பெரிய கிட்டாரை எடுத்து அளந்தேன், இரண்டு விரற்கடைகூட வித்தியாசம் இல்லை. உடம்புதான் சின்னது, கம்பி பெரியவர்களுக்கானது. அப்புறம் எனக்குக் கை சும்மா இருக்குமா? கிளினிக்கில் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்று என் பையிலேயே கிடக்கிறது, கம்பிகளைத் தளர்த்தி நடு ஓட்டைக்குள் விட்டேன், விடும்போது பழக்கதோஷத்தில் "நல்லா ஆ காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன், அப்பா இன்னும் சிரித்து முடிக்கவில்லை. அவர்தான் டார்ச் பிடித்தார், பிடித்ததைவிட ஆட்டியதே அதிகம். பின்பலகையில் வெளியே கண் மாதிரி ஒரு கருமுடிச்சு இருக்கிறதல்லவா, உள்ளேயும் அதே இடத்தில் அதே முடிச்சு! மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டிய ஒட்டுப்பலகை என்றால் உள்பக்கம் வேறு தாள் அல்லவா இருக்க வேண்டும்? ஒரே மரம்தானடி. கண்ணாடியை மேலே திருப்பினால் முகப்பலகையின் அடியில் பென்சில் எழுத்து, ஒரு கையெழுத்தும் வருடமும். கண்ணாடியில் தலைகீழாய்த் தெரிவதைப் படிப்பது எனக்கு இருபத்தெட்டு வருடப் பிழைப்பு. தொண்ணூற்றாறு வருடம் ஆகிறது அதற்கு. சீட்டில் இருந்தது செய்தவர் பெயரே இல்லை, ரொம்பக் காலம் கழித்து அதை விற்ற கடையின் பெயர்.

மறுநாளே லீவு போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு அந்தப் பழுது பார்க்கும் கடைக்காரர் முன்னால் போய் நின்றேன். கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தேன். மூன்று தடவை பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "சைஸைப் பார்த்து ஏமாந்துட்டேன்மா, சீட்டை மட்டும் படிச்சேன்" என்றார். கனமான கம்பி மாட்டியிருந்தால் முகப்பலகை வீங்கி, கம்பி கட்டும் கட்டை பிய்ந்து வந்திருக்கும், உங்கள் பெண் தடுத்ததால்தான் இது பிழைத்தது என்று அவர் வாயாலேயே சொன்னார், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு மெல்லிய கம்பி மாட்டிச் சுருதி சேர்த்து வாசித்தார். சத்தம் பெரிசில்லை, ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாய், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. வாசலில் போனவர்கள் இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இதை யார் வாங்கினது என்று கேட்டார்கள். என் பொண்ணு என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

சித்தப்பா பேத்திக்கு அவள் அளவில் வேறு ஒன்று அப்பா பார்த்துவிட்டார், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். உன்னுடையது வெயிலும் ஈரமும் படாமல் என் அறைக்குள் இருக்கிறது. சேரட்டுமா என்று கேட்டாயே, என்னைக் கேட்காதே. டேப்பும் டார்ச்சும் கண்ணாடியுமாய் நான் ஒரு நாள் முழுக்க மல்லாடிக் கண்டுபிடித்ததை, நீ அன்றைக்குக் கடையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டுச் சொன்னாய். அப்போது கேட்டிருக்க வேண்டியவள் நான்.

எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. எனக்குப் பதில் எழுதுவது இருக்கட்டும், முதலில் அந்தப் பட்டறைக்கு எழுது.

இப்படிக்கு,
அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கும்,
உன் அம்மா