ஆறாவது சீசன்

தம்பிக்கு,

நலமா என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். அப்பாவும் நானும் அந்தத் தபால் ஆபீஸ் காமெடித் தொடரில் இன்னும் ஆறாவது சீசன்தான். முதல் ஐந்தைவிட இதுதான் அமர்க்களம். வழுக்கைத் தபால்காரன் வந்தாலே அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவன்தான் நீ என்று நினைப்பு. நான் கடைக்குப் போக எழுந்தால், "உட்காரும்மா, தம்பி இப்பத்தான் வர்றான்" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்.

ஏழாவதில் முதல் காட்சியிலேயே அவன் ஊரைவிட்டுப் போகிறான். தெரியாமல் போட்டுவிட்டேன். அப்பா அன்று முழுக்க வாசலிலேயே நின்றார், சாப்பிடவில்லை.

மறுநாள் ஆறாவதையே திரும்பப் போட்டேன். அவருக்குத்தான் எல்லாம் மறந்துபோகிறதே, புதுசாகச் சிரித்தார். இது பதினோராவது தடவை. எனக்கு வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

ஒரு வாரம் நீ வந்து உட்கார்ந்தால், நான் ஏழாவதைப் பார்த்துவிடுவேன்.

வரும்போது மொட்டையடித்துக்கொண்டு வா. இல்லாவிட்டால் யார் நீ என்று கேட்பார்.

அக்கா