முதல் இடங்கழிக்கு எழுதிய பெயர்

அப்பு,

இன்றைக்குச் சாலைக் கடைத்தெருவில் ரேஷன் அரிசிக்கு நின்றேன். அளந்தவன் மலையாளத்துக்காரன். "ஒந்நு" என்று சொல்லி முதல் இடங்கழி அளவை என் பைக்குள் கொட்டினான். புழுங்கலரிசியும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை மேலே வந்தது. பையின் வாயை விட்டுவிட்டேன். பின்னால் நின்றவள் பையைப் பிடித்திராவிட்டால் அரிசி தரையில் போயிருக்கும்.

நம் கடையில் ஒருநாளும் ஒன்று என்று சொல்லி அளந்ததில்லை. அப்பா அளந்ததில்லை, நீயும் அளந்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே மலையாள நாட்டுக்கு வந்து அரிசி விற்ற யாருமே அப்படித்தான். முதல் அளவுக்குப் பெயர் லாபம். அப்புறம் இரண்டு, மூன்று. லாபம் என்று தொடங்கினால்தான் வியாபாரம் விளங்கும் என்று அப்பா சொல்லித் தந்தது. எனக்கு அது வாயோடு ஒட்டிப்போனது. பக்கத்து எண்ணெய்க்கடைச் செட்டியார் கேலி செய்வார்: "உங்க அக்கா எங்கிட்ட லாபம் தேங்கா கேக்குறாளே அப்பு, நான் நஷ்டத்துக்குல்லா குடுக்கணும்?" நீ சிரித்துக்கொண்டே ஒரு தேங்காய் என்று திருத்திச் சொல்லுவாய்.

தாலியை இழந்து நான் உன்னிடம் வந்த நாளிலிருந்து பக்கவாசல் என்னுடையது. பெண்கள் அந்த வழியாக வருவார்கள், நான் அளந்து போடுவேன். முன்கடையும் கணக்கும் உன்னுடையது. வருஷா வருஷம் புத்தகங்களைத் துணியில் கட்டி இன்கம்டாக்ஸ் ஆபீசுக்குக் கொண்டுபோவாய். வரி போடுகிற அளவுக்கு நமக்கு வரும்படி இல்லை என்று அவர்களும் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். "கடைக்குப் பூட்டு முன்வாசல்லே இல்லக்கா, இந்தப் பொஸ்தகத்திலேதான் இருக்கு" என்று சொல்லுவாய். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

ஒரு வருஷம் ஆடியில், கர்க்கடக மழையில் நீ காய்ச்சலோடு படுத்தாய். நாற்பது நாள். கடையை மூடினால் வாடிக்கை போய்விடும். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஒரு நோட்டை எடுத்து, உருண்டை உருண்டையான என் எழுத்தில், அன்றன்று விற்றதை எழுதி வைத்தேன். பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இடங்கழிதான், விலை மூன்று சக்கரக் காசு. வாயில் என்ன வந்ததோ அதைத்தான் கையும் எழுதியது. வண்ணாத்தி வீடு, லாபம், சக்கரம் மூன்று. வலியசாலை மாமி, லாபம், சக்கரம் மூன்று. பக்கம் பக்கமாய் அப்படியே.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் நீ அந்த நோட்டைப் புரட்டினாய். முதலில் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வேறு நோட்டில் நல்லபடியாக எழுதிவிடேன் என்று நான்தான் சொன்னேன்.

"அடிச்சுத் திருத்தினாலும் புதுசா எழுதினாலும் கள்ளக்கணக்குன்னு ஆபீசிலே சொல்லுவான். இருக்கது இருக்கட்டும். கேட்டா சொல்லிக்கலாம்" என்றாய்.

அந்த வருஷம் நீ கொண்டுபோன புத்தகங்களில் மற்றதையெல்லாம் திருப்பித் தந்தார்கள். அந்த நோட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அந்த ஆபீசிலிருந்து ஒரு சேவகன் வந்தான். எதுவும் வாங்கவில்லை. முன்கடையில் சாக்குகளை எண்ணினான், பக்கவாசலுக்கு வந்து என்னைப் பார்த்தான், போய்விட்டான். அடுத்த வாரமும் வந்தான். மூன்றாம் முறை நீ மோர் கொடுத்தாய். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கொடுத்ததை வாங்காத சேவகனை அன்றைக்குத்தான் பார்த்தேன். உனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கேட்டதற்குப் பித்தம் என்றாய்.

அப்புறம் உன்னைக் கூப்பிட்டார்கள். செட்டியாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காலையில் போனவன் விளக்கு வைக்கும்போது வந்தாய். சட்டையைக்கூடக் கழற்றாமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாய். நோட்டில் ஒவ்வொரு வரியையும் லாபம் மூன்று சக்கரம் என்று படித்து, நாற்பது நாளில் இவ்வளவு லாபம் என்றால் வருஷம் முழுக்க எவ்வளவு என்று பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். முன் வருஷங்களில் மறைத்தோம் என்று அதற்கும் சேர்த்து வரி. அந்தத் தொகையை நீ சொன்னபோது கடையை விற்றாலும் தீராது என்று எனக்கே தெரிந்தது.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லலையா அப்பு?" என்று கேட்டேன்.

"சொன்னேன்க்கா" என்றாய். எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றினாய்.

கடை போனது. என் இரண்டு வளையல் போனது. தைரியமாகத்தான் இருந்தாய், இல்லாவிட்டால் அப்படிக் காட்டிக்கொண்டாய். பொன்முடியில் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரருக்கு அரிசி அளந்து போடும் வேலை என்று கிளம்பினாய். மலைமேல் குளிர் ஆகாது என்று சொன்னேன். மாசாமாசம் பணம் அனுப்புகிறேன் என்றாய். நாலு மாசம் பணம் வந்தது. ஐந்தாம் மாசம் நீயே வந்தாய், இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மலைக்காய்ச்சல். எட்டு நாள்தான் இருந்தாய்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாமல் இருந்ததை உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு செட்டியார் சொன்னார். மனசில் வைத்திருக்க முடியவில்லை என்று சொல்லி அழுதார்.

அன்றைக்கு நீ அர்த்தம் சொன்னபோது அந்த ஆபீசர் முதலில் சிரித்தாராம். "லாபம் எந்நெழுதீட்டு லாபமில்லெந்நோ?" என்று கேட்டாராம். லாபம் என்று எழுதி வைத்துவிட்டு லாபமே இல்லை என்கிறாயா என்று. ஆனால் நீ விடாமல் சொன்னதும் கொஞ்சம் யோசித்தாராம். எழுதின ஆளைக் கூட்டிக்கொண்டு வா, இங்கே ஒரு சாக்கு அரிசி வைக்கிறேன், என் முன்னாலேயே அளந்து எழுதட்டும், இப்படியே எழுதினால் உன்னை நம்புகிறேன் என்றாராம்.

நீ, எழுதினது நான்தான் என்றாயாம்.

காகிதத்தை நீட்டினாராம். மூன்று வீட்டுக்கு ஒவ்வொரு இடங்கழி, எழுது என்றாராம். உன் கை, கணக்கு எழுதிப் பழகின கை, உன்னை மீறி நேராக ஒரு கோடு இழுத்து 1 என்று போட்டதாம், மூன்று தடவையும். ஆபீசர் அந்தக் காகிதத்தை நோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். எழுத்தும் வேறு, வார்த்தையும் வேறு. அதற்குப் பிறகு நீ சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை.

நான் வந்திருப்பேன் அப்பு. முக்காட்டைப் போட்டுக்கொண்டு, எத்தனை ஆண்பிள்ளைகள் இருந்தாலும் அந்த மேஜை முன்னால் உட்கார்ந்து அளந்திருப்பேன். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, என் வாய் தானாகச் சொல்லியிருக்கும், என் கை தானாக எழுதியிருக்கும். அரைமணி நேரத்து வேலை. கடை நின்றிருக்கும். நீ மலைக்குப் போயிருக்க மாட்டாய்.

கோபமா என்று செட்டியார் கேட்டார். உன்மேல் எப்படிக் கோபப்படுவேன்? ஆனால் ஒன்று மட்டும் அடுப்பூதும்போதும் குளிக்கும்போதும் என்னை விடாமல் அரிக்கிறது. கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். அந்த ஆபீசில் வந்து நிற்க நான் கூசுவேன் என்று நினைத்தாயா, இல்லை, அறுத்தவளான அக்காளை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்த நீ கூசினாயா?