மூன்றாவது கொக்கி

இந்த ரவிக்கையை என்னால் கழற்ற முடியவில்லை. கருத்தரங்கிலிருந்து திரும்பி ஒரு மணி நேரமாகிறது. அம்மா பழவங்காடி கோயிலுக்குப் போயிருக்கிறாள். முதுகில் ஐந்து கொக்கிகள். நடுவில் உள்ள மூன்றாவது மட்டும் கைக்கு எட்டவில்லை. மேலிருந்து போகும் கையும் கீழிருந்து போகும் கையும் ஒரு விரல் தூரத்தில் நின்றுவிடுகின்றன. அறைக்குள் நடந்து பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் இதைத் தைத்த உனக்கே எழுதுகிறேன்.

என்னோடு படித்தவள், ப்ரீ-டிகிரியோடு படிப்பை விட்டு, சாலைக் கடைத்தெருவில் உன் அப்பாவின் தையல்கடையில் நீ உட்கார்ந்துவிட்டாய். நான் எம்.ஏ. வரை போனேன். நூலகத்தில் பழைய பிரெஞ்சு ஃபேஷன் சித்திரங்களின் தொகுப்பு ஒன்று கிடைத்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தவை. வெளியே தர மாட்டார்கள். பட்டர் பேப்பரில் படியெடுத்து உன் மெஷின் மேல் பரப்புவேன். ஒரே கோட்டில் தோளிலிருந்து பாதம் வரை இறங்கும் உடைகள். அந்தக் கோட்டைப் பற்றி நான் பேசிக்கொண்டே போவேன். கழுத்தில் டேப்போடு நீ குனிந்து பார்ப்பாய்.

"இவ பஸ்ஸில எப்பிடிட்டி ஏறுவா? முட்டு தட்டி விழுவா."

"அவளுக்குக் கார் இருக்கும்."

"கார்ல ஏறவும் காலைத் தூக்காண்டாமா?"

ஒருநாள் மாடத்தில் நிற்கும் பெண்ணைக் கொண்டுவந்தேன். தலையில் இறகு, கையில் விசிறி, நமக்கு முதுகு. கழுத்திலிருந்து இடுப்பு வரை வரிசையாகப் புள்ளிகள். அலங்காரம் என்று நினைத்து அக்கறையில்லாமல் படியெடுத்திருந்தேன். நீ ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாய்.

"இதெல்லாம் பட்டனாக்கும். தன்னால போட முடியாது. பின்னாடி ஒரு ஆளு வேணும். அந்த ஆளை இவன் வரையல்ல, பாத்தியா?"

அதன்பின் அந்தப் படங்களை நான் பழையபடி பார்க்கவேயில்லை. தோட்டத்தில், கண்ணாடி முன்னால், கடற்கரையில், எங்கும் அந்தச் சீமாட்டிகள் தனியாகத்தான் நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியின் பின்னாலும் இரண்டு கைகளைத் தேட ஆரம்பித்தேன். என் கட்டுரை அதுதான். அதில் வேறொன்றும் இல்லை.

கல்லூரியில் அதை வாசித்த சனிக்கிழமை அரை நாள் கடையை விட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ஓ.எச்.பி. புரொஜெக்டர் வெளிச்சத்தில் மாடத்துப் பெண் சுவரெங்கும் நின்றாள். பேராசிரியர் எழுந்து, "இது எப்படி உனக்குத் தோன்றியது?" என்று கேட்டார். "பார்த்துக்கொண்டே இருந்தபோது தோன்றியது" என்றேன்.

படியிறங்கும்போது நீ, "நல்லா பேசின" என்றாய். கல்லூரி கேட் அருகே வந்ததும், "உனக்குத் தோணிச்சா?" என்றாய்.

ஆய்வுக் கட்டுரையில் அப்படியெல்லாம் பெயர் போடும் வழக்கமில்லை என்று விளக்கினேன். "செரி" என்றாய்.

ஒரு மாதம் கழித்து, செய்தித்தாளில் சுற்றி இந்தக் கரும்பச்சை ரவிக்கையைக் கொண்டுவந்தாய். நான் எப்போதும் முன்கொக்கிதான் போடுவேன். அது உனக்குத் தெரியும்.

"பின்னாடி எதுக்குடி வெச்சே? நான் எப்படிப் போட்டுக்கறது?"

"யாரையாச்சும் கூப்பிடு. கூப்பிட்டா கொறஞ்சா போயிருவ?"

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பீரோவின் அடியில் போட்டு மூடினேன். அந்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோயிற்று. நமக்குள் சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை.

நாலு வருடம் கழித்து, அதே கட்டுரையை இன்று பெரிய அரங்கில் வாசிக்க அழைத்திருந்தார்கள். காலையில் இதை எடுத்து அம்மாவிடம் முதுகைக் காட்டினேன்.

"யாருடி தைச்சா? கையெட்டாத எடமாப் பாத்துன்னா வெச்சிருக்கா!"

"வேணும்னேதாம்மா."

விலாவில் இறுக்கியது. அம்மா கழற்றச் சொல்லி உட்புறத்தைத் திருப்பினாள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் துணி உள்ளே விட்டிருந்தாய். "நாலஞ்சு வருஷம் போட்டுக்கட்டும்னு விட்டிருக்காடி" என்று சொல்லி ஒரு வரித் தையலைப் பிரித்தாள். என்மேல் அத்தனை கோபத்தில் தைத்தபோதும் எனக்கு நாலைந்து வருடம் விட்டிருக்கிறாய். ஆட்டோ வரும்வரை நின்ற இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

மாடத்துப் பெண் திரையில் வந்ததும் உன் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு. சாலைக் கடைத்தெருவில் ரவிக்கை தைத்தவள், இதைக் கண்டது அவள், நான் அல்ல என்றேன். அரங்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் குறித்துக்கொண்டார். முடிந்த பிறகு ஓர் ஆசிரியை அருகில் வந்து, அந்தப் பெண் வந்திருக்கிறாளா என்று மலையாளத்தில் கேட்டார். என் கண் எனக்கு முன்னால் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. "இல்லை" என்றேன்.

சொல்லிவிட்டால் அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. உன்னை அறியாத நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரி கேட் அருகே நின்று கேட்டவள் நீ.

வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம். கூப்பிட்டால் வந்துவிடுவாள். கூப்பிடத்தான் வேண்டும். முதுகின் நடுவில் நீ தைத்த அந்த ஒரு கொக்கி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.