மேடையில் செத்த அண்ணன்

செப்டம்பர் 4

விவாத அணியில் மூன்றாவது பேச்சாளர் நான்தான் என்று சார் அறிவித்தார். எதிரணியை மறுத்துப் பேசுவது என் வேலை. முதல் பேச்சாளர், கேட்கவே வேண்டாம், வெண்கலம். அவன் குரலுக்கு வகுப்பே வைத்த பெயர். மளிகைப் பட்டியலை வாசித்தாலும் கைதட்டுவார்கள்.

"அண்ணன்கிட்டயும் சொல்லு" என்றாள் அம்மா. மூடிய கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்.

செப்டம்பர் 9

அரையிறுதித் தலைப்பு: தேர்வுகளை ஒழிக்க வேண்டும். ஒழிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

பஸ்ஸில் திரும்பும்போது வெண்கலத்திடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். நுழைவுத் தேர்வில் இரண்டாவது தடவையும் தவறியது. ஏழு மாதமாகச் சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருவது. அவன் வந்தால் அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வது. யாரிடமும் சொல்லாததை இவனிடம் ஏன் சொன்னேன்?

"யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றான்.

செப்டம்பர் 16

இன்று அரையிறுதி.

"எனக்கு ஓர் அண்ணன் இருந்தான்" என்று ஆரம்பித்தான் வெண்கலம். இருந்தான்! நான் சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது, அப்பாவின் செய்தித்தாள் உட்பட. கடைசியில், "ஒருநாள் காலை கதவைத் தட்டினோம். அது திறக்கவே இல்லை." பிறகு நான்கு நொடி மௌனம். ஒத்திகை பார்த்த மௌனம். நடுவர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெண்கலத்துக்கு அண்ணனே கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். யோசிக்கும் முன்பே என் கை தட்டிவிட்டது — சீ!

ஜெயித்துவிட்டோம்.

செப்டம்பர் 17

"ஏன்டா அவனைக் கொன்ன?" என்று கேட்டேன்.

"உயிரோட இருந்தா முடிவு சப்புன்னு இருக்கும்" என்றான், பன்னைத் தின்றுகொண்டே. உதட்டோரத்தில் கிரீம்.

சாரிடம் போனேன். "உதாரணம்தானம்மா. பேரைச் சொன்னானா? இல்லையே. அப்புறம் என்ன?"

செப்டம்பர் 18

அரையிறுதிச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள் அம்மா, படம் எடுக்க. தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 22

இறுதிப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். அதே தலைப்பு, ஆனால் இந்த முறை நாங்கள் மறுபக்கம். தேர்வுகள் வேண்டும் என்று பேச வேண்டும்.

சார் வெண்கலத்திடம் சொன்னார்: "அண்ணன் கதையை விட்றாதே. விடாமுயற்சியா மாத்திக்கோ. மூணாவது தடவை எழுதி டாக்டர் ஆயிட்டான்னு முடி."

"சார், அவன் போன வாரம்தானே செத்தான்?" என்றேன்.

"நடுவருங்க வேற ஆளுங்கம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். சார் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இந்த மனிதரிடமா மூன்று வருஷமாகப் பேசக் கற்றுக்கொண்டேன்?

செப்டம்பர் 24

அண்ணன் சாப்பிட வந்தபோது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"நான் எப்படிச் செத்தேன்?"

"சொல்லல. கதவு திறக்கலன்னு மட்டும்தான்."

"எல்லாரும் அழுதாங்களா?"

"ம்."

"நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். "கை தட்டினேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். கதவுக்கு வெளியே நின்று, மேடையிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன் என்று கத்தினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "என்னைப் பத்தி நீயும் பேசாதே."

நீயும்.

செப்டம்பர் 27

வெண்கலத்தின் அண்ணன் டாக்டர் ஆகிவிட்டான். வெள்ளைக் கோட்டு, அம்மாவின் ஆனந்தக் கண்ணீர், அதே நான்கு நொடி.

என் முறை வந்தது. "எனக்குத்தான் அண்ணன்" என்று தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். "எங்கள் முதல் பேச்சாளர் சொன்ன அண்ணன் கதை உண்மையல்ல. அதற்கு மதிப்பெண் தர வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். மீதி நேரம் என் வாதங்களைப் பேசினேன். ஒருவரும் கை தட்டவில்லை.

தோற்றோம். வேனில் என் பக்கத்து இருக்கை காலி. "துரோகி" என்றான் வெண்கலம். சார் திரும்பிப் பார்க்காமலே, "மேடை நாகரிகம்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

நாகரிகமாம்!

அக்டோபர் 3

அணிப் பட்டியலில் என் பெயர் இல்லை. காலைக் கூட்டத்தில் வெண்கலம் பேசினான். தலைப்பு: நேர்மை. பக்கத்தில் நின்றவள் உருகிப்போனாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 11

பயிற்சி இல்லாததால் நாலரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கூடத்தில் டிவி முன்னால் அண்ணன். நான் பார்க்கும் தொடர் ஆரம்பிக்கும் நேரம். ரிமோட்டைக் கேட்டேன்.

"முடியாது."

மூன்று காரணம் சொன்னேன். மூன்றும் நல்ல காரணங்கள்.

"முடியாதுன்னா முடியாது. வாயைப் பாரு இவளுக்கு!" என்று கத்தினான்.

நானும் கத்தினேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா எங்களை அதட்ட வாயெடுத்தாள். பிறகு அதட்டாமல், கரண்டியும் கையுமாக அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.