படத்தில் இல்லாத புகை

போன ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் தங்கைக்கு. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு நடந்து வரும்போது இரண்டு பக்கமும் மெஷின் வைத்துப் புகை விட்டார்கள். முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உருண்டு வந்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தத் தித்திப்பு வாடை மூக்கில் ஏறியதுதான் எனக்குத் தெரியும். அடுத்து நான் மண்டபத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பாதி குடித்த ரோஸ்மில்க் இன்னும் கையில் இருந்தது.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "என்னம்மா, கிறுகிறுன்னு வருதா?"

"இல்லண்ணே. புகை."

"அது சும்மா ஷோவுக்கு விடுறதும்மா."

எனக்குத் தெரியாதா? எந்தப் புகை சும்மா விடுகிற புகை, எது இல்லை என்று எனக்குக் காட்டியவளே நீதான். தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. நீ போன பிறகு உன்னிடம் பேசுவதை நான் நிறுத்தி வைத்திருந்தேன். இனி முடியாது என்று தோன்றியது. எழுதுகிறேன்.

நாகமலை புதுக்கோட்டையில் நாம் படித்த காலத்தில் விடுதியிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி நீதான். லிப்டுக்குப் பயம். ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பயம். ஜன்னலில் வந்து உட்காரும் புறாவுக்குப் பயம். செல்லூரில் வீடு இருந்தும் விடுதிக்கு வந்தவள் நீ. வீட்டுக்குக் கீழேயே விசைத்தறி ஓடுகிறது, படிக்க முடியவில்லை என்பாய். ஆனால் அந்தத் தறிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்த காது உனக்கு. வரிசையில் ஒரு தறி பிசகினால் மாடியில் சோற்றைப் பிசைந்துகொண்டே "அப்பா, மூணாவது சரியில்ல" என்று கத்துவாயாம். உன் அம்மா சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்ட நீ பேய்ப் படம் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிறு மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாய். அது ஒரு பழைய பங்களாப் பேய்ப் படம். வெள்ளைச் சேலையில் அவள் மாடிப்படி இறங்கி வருகிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ "நிறுத்து, நிறுத்து" என்றாய். பயத்தில் சொல்கிறாய் என்று நினைத்து நிறுத்தினேன்.

"அவ கையப் பாருடி."

பார்த்தேன். இடது தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு தடுப்பூசித் தழும்பு.

"ஜமீன் காலத்துல செத்தவளுக்கு இந்த ஊசிய யாருடி போட்டா?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் அந்தப் படத்தை எத்தனை தடவை நிறுத்தினோமோ. பேய்க்குக் கொலுசுச் சத்தம் கேட்கிறது, காலில் கொலுசு இல்லை. பங்களாவின் பீரோக் கண்ணாடியில் டவல் போட்ட ஒரு ஆள் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார். கதாநாயகி அழுது முடிப்பதற்குள் பின்னால் இருக்கும் காலண்டர் மூன்று மாதம் தாண்டிவிடுகிறது. தூரத்தில் ஊளையிடும் நாயின் குரலை வேறு பல படங்களிலும் நீ கண்டுபிடித்தாய். "ஒரே நாய்தாண்டி. பாவம், இந்தப் பக்கம் எந்தப் பேய் வந்தாலும் இதத்தான் கூப்பிடுறாங்க" என்றாய்.

அப்புறம் ஒன்று சொன்னாய். "பேய் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா எனக்குப் பாதிப் பயம் போயிரும். அதுக்குப் பின்னாடி யாரு நிக்கிறான்னு தெரிஞ்சா மீதியும் போயிரும்."

படிப்பு முடிந்து நீ பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சரானாய். நான் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஆனாலும் ஞாயிறு மத்தியானத்தை விடவில்லை. நாம் கண்டுபிடித்ததையெல்லாம் சின்னச் சின்ன வீடியோவாகப் போட ஆரம்பித்தோம். குரல் உன்னுடையது, வெட்டி ஒட்டுவது என் வேலை. நம்மைப் போன்ற கிறுக்குகள் ஊர் ஊராக இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பேய் எப்படி அப்படி மிதக்கிற மாதிரி நடந்தது என்று கமெண்டில் ஒரு கூட்டமே சண்டை போடும். அவளைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படத்தைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். யாரும் நம்பவில்லை. அவளுக்குப் பின்னால் எரியும் மெழுகுவர்த்தியில் உருகிய மெழுகு கீழிருந்து மேலே ஏறுவதை வட்டம் போட்டுக் காட்டினாய். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தப் பழைய பங்களாப் பேய்ப் படத்தைத் தியேட்டரில் மறுபடி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நீ போனில் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. வைகைக்கு வடகரையில் ஒரு பழைய தியேட்டர். மேட்னி ஷோ. உள்ளே முழுக்க இளவட்டங்கள். பேய் முதல் தடவை வரும்போது திரைக்குக் கீழே மெஷின் வைத்து நிஜமாகவே புகை விட்டார்கள். தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. நீ பால்கனிச் சீட்டில் குதித்தாய். "மாப்ள, நிஜப் பேய்டா" என்று முன்வரிசையில் ஒருவன் கத்த, நீயும் விசிலடிக்கப் பார்த்தாய், வெறும் காற்றுத்தான் வந்தது.

இடைவேளைக்குப் பிறகு, கதாநாயகி கிணற்றடியில் தனியாக நிற்கிற கட்டம். வசனமே கிடையாது. மெதுவாக மறுபடியும் புகை எழும்பியது. மறுபடியும் விசில். மறுபடியும் எல்லாப் போனும் மேலே போயின. நானும் எடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் விரல்கள் சில்லென்று இருந்தன.

"இந்த சீன்ல எதுக்குடி புகை?"

"சும்மா விடுறாங்க. பாரு."

"வாடை வேற மாதிரி இருக்கு." தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாய். "அந்தச் சத்தம் கேக்குதா? படபடன்னு?"

"படத்துல வர்றதா இருக்கும்."

"இல்ல. இந்த இடத்துல காத்துச் சத்தமும் வாளிச் சத்தமும்தான். இது படத்துல இல்ல."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். லிப்டுக்குள் போகும்போது வரும் முகம் இல்லை அது. நான் அதுவரை பார்க்காத முகம்.

நீ சீட்டின் மேல் ஏறி நின்றாய். "எந்திரிங்க! எல்லாரும் வெளிய போங்க! தீப்பிடிச்சிருக்கு!"

சிரித்தார்கள். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. கீழே புகை கறுத்துக்கொண்டு வருகிறது, இவர்கள் சிரிக்கிறார்கள். "இந்தக்கா செட்டப்புடா, தியேட்டர்காரன் ஆள் வச்சிருக்கான்" என்றான் ஒருவன். பின்னால் ஒரு பெரியவர், "உக்காரும்மா, மறைக்குது" என்றார். ஒரு பெண் உன் பக்கம் போனைத் திருப்பிப் படம் எடுத்தாள். நான் உன் சுடிதாரைப் பிடித்து இழுத்தேன், நீ இறங்கி ஓடினாய். பால்கனிக்குப் பின்னால்தான் ஆபரேட்டர் ரூம். அந்தக் கதவை இரண்டு கையாலும் தட்டினாய்.

கதவு திறந்தது. "என்னம்மா?"

"அண்ணே, படத்த நிறுத்துங்க. திரைக்குப் பின்னாடி ஏதோ எரியுது."

"அது புகை மெஷின்மா."

"நீங்க படத்த மட்டும் நிறுத்துங்கண்ணே, ஒரே நிமிசம். ஒண்ணும் இல்லன்னா என்னையக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுங்க."

அவர் உன்னைப் பார்த்தார். நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். உள்ளே போய் நிறுத்தினார்.

கதாநாயகி கிணற்றடியில் அப்படியே மறைந்தாள். திரை வெறும் வெள்ளையானது. தியேட்டர் முழுக்க "ஓ"வென்று கத்தியது. அந்தக் கத்தல் ஓய்ந்தது.

சத்தம் ஓயவில்லை. படபடபடவென்று, காய்ந்த ஓலையை யாரோ முறிக்கிற மாதிரி, ஆளில்லாத திரைக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையின் இடது மூலை பழுப்பாகி, சுருங்கி, ஓட்டை விழுந்து, உள்ளே மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்த்தது.

அந்த மாதிரி அலறலை எந்தப் பேய்ப் படத்திலும் நான் கேட்டதில்லை. சீட்டுகள் மடங்கி அடிக்கிற சத்தம், அம்மா அம்மா என்கிற சத்தம். விளக்கைப் போட்டார்கள். எனக்குக் கால் வரவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாதது போல உட்கார்ந்திருக்கிறேன். நீ அப்படியே வாசல் பக்கம் ஓடித் தப்பியிருக்கலாம். எதிரே வருகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "எந்திரிடி. என்னையப் பாரு, திரையப் பாக்காத. என்னையப் பாரு." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாய். படிக்கட்டில் நெருக்கியடித்தபோது, "தள்ளாதீங்க, எல்லாரும் போயிரலாம், கீழ கதவு திறந்துதான் இருக்கு" என்று நீ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். கதவு திறந்திருந்ததா என்று உனக்குத் தெரியாது. பிறகு சொன்னாய்.

திறந்திருந்தது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். சிலருக்குச் சிராய்ப்பு, ஒருவருக்குக் கை முறிந்தது, அவ்வளவுதான். தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது கூரைக்கு மேல் புகை கம்பமாக நின்றது. நீ எதிர்வரிசைக் கடைப் படியில் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இழுப்பு உண்டு. அன்றைக்கு அது அடங்க வெகு நேரம் ஆனது. "உக்காரும்மா" என்று சொன்ன அந்தப் பெரியவர் வந்து உன் முன்னால் நின்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாம் அதை வீடியோவாகப் போடவே இல்லை. போடலாம் என்று நான் கேட்டதற்கு, "அதுக்குப் பின்னாடி நிஜத் தீ இருந்துச்சுடி. அதுல என்னத்த வட்டம் போட்டுக் காட்ட?" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி என்றார்கள், பிறகு நிமோனியா என்றார்கள், பிறகு ஐசியூ என்றார்கள். அந்தப் புகைதான் காரணமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். ஒரு நாள் உன் அம்மா, "இன்னிக்கு நீ போ தாயி, உன்னையத்தான் கேட்டா" என்று என்னை அனுப்பினார். ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கி ஒதுக்கிப் பேசினாய்.

"இந்த மெசின் சத்தம்... படத்துல வர்ற மாதிரியே இல்ல. கவனிச்சியா?"

"பேசாத. மூச்சு வாங்குது."

"நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். தப்பு ஒண்ணுகூடக் கண்டுபிடிக்க முடியல. எல்லாம் சரியா இருக்கு." உன் கண்கள் கூரையில் எதையோ தேடின. "இதுக்குப் பின்னாடி யாருமே இல்லடி. எனக்குப் பயமா இருக்கு."

"நான் இருக்கேன்ல" என்றேன்.

"நீ பக்கத்துல இருக்க. பின்னாடி எங்க இருக்க?" என்றாய். அந்த நிலையிலும் உன் உதட்டோரம் கோணியது.

உன்னைத் தேற்றுவதாக நினைத்து, அன்றைக்குத் தியேட்டரில் நீ எவ்வளவு தைரியமாக இருந்தாய், அந்தத் தைரியம் இப்போது எங்கே போயிற்று என்று கேட்டேன். நீ தலையை ஆட்டினாய். ரொம்ப நேரம் மூச்சு சேர்த்துக்கொண்டுதான் பேசினாய்.

"தைரியமா? அம்புட்டுப் பேர்லயும் பயந்தவ நான் ஒருத்திதான். அதான் எனக்குக் கேட்டுச்சு. நீங்கள்லாம் பயப்படல. அதான் உக்காந்திருந்தீங்க."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். "நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் நான் வந்தபோது உன் அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன மாதம் ஆபீசில் ஒன்று நடந்தது. மீட்டிங் ஹாலில் மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். ஏசிக்குப் பின்னால் கிரிக் கிரிக்கென்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. முன்பென்றால் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். எழுந்து, "சார், எல்லாரும் வெளிய போயிருவோம்" என்றேன். என் குரல் கீச்சென்று வந்தது. மெயினை நிறுத்தச் சொன்னேன். மொத்த ஆபீசும் வெயிலில் ரோட்டோரம் வந்து நின்றது. எலக்ட்ரீசியன் ஏணி போட்டுப் பார்த்தார். அணில் கூடு கட்டியிருந்ததாம்.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர்கூடச் சிரித்தார். "என்னங்க இப்படிப் பயப்படுறீங்க" என்றார். ஆனால் எனக்கு வெட்கமாக இல்லை. "ஆமா சார், எனக்குப் பயம்தான்" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் உள்ளே போகும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.